'உப்பு – தேவையான அளவு'ன்னு போட்டா எப்படி சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல வர்ற சமையல் பக்கத்தைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளாவே நெனச்சுக்கிட்டு இருந்தேன், இந்த வாரம் ஆரோக்கிய சமையல் சிறப்பிதழ்னு தனியாவே போட்டுட்டீங்க, அதைப் படிச்சு முடிச்சதும் சரி இனி எழுதிட வேண்டியதுதான்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும். எங்க வேணா வெட்டிக்கோங்க, அளவு சொல்ற இடத்தை மட்டும் வெட்டிடாதீங்க.

மொத ரெண்டு பக்கம் சுகர் உள்ளவங்களுக்கு, அடுத்தது பிபி உள்ளவங்களுக்கு, அப்புறம் வளர்ற பிள்ளைங்களுக்கு, அப்புறம் ரத்தசோகைக்கு, கடைசில வெயிட் குறைக்கிறவங்களுக்கு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி அயிட்டம், தனித்தனி போட்டோ. எங்க வீட்ல இந்த அஞ்சு பேரும் ஒரே சட்டியில இருந்துதான் சார் சாப்புடுறோம். அத்தைக்கு, அதாவது எங்க மாமியாருக்கு சுகர், வீட்டுக்காரருக்கு பிபி, பெரியவ ப்ளஸ் ஒன் படிக்கிறா ரத்தம் கம்மின்னு டாக்டர் மாத்திரை குடுத்திருக்காங்க, சின்னவன் அஞ்சாங்கிளாஸ் காயைக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்குவான், வெயிட் குறைக்க வேண்டிய ஆளு நானு. காலைல எட்டரைக்கு நான் பஸ் ஸ்டாப்புல நிக்கணும். உங்க இணைப்பை அப்படியே பாத்து செஞ்சா அஞ்சு அடுப்பும் அஞ்சு ஆளும் வேணும், எங்க வீட்ல இருக்கறது ரெண்டு பர்னர் ஸ்டவ்வும் நானும்தான்.

அதுவும் சாமான் லிஸ்டைப் பாத்தா கீன்வா, அவகேடோ, ப்ரோக்கோலி, சியா விதை, ஆலிவ் ஆயில். இதெல்லாம் கெடுதல்னு நான் சொல்லல, எங்க தெரு அண்ணாச்சி கடையில கேட்டா அவரு என்னையத்தான் மேலயும் கீழயும் பாப்பாரு. நான் காய் வாங்குறது அண்ணா நகர் உழவர் சந்தையில, 1999ல தமிழ்நாட்டுல மொத மொத ஆரம்பிச்ச சந்தை அதுதான், அங்க சுரைக்கா, பீர்க்கங்கா, பூசணி, வாழைத்தண்டு, அகத்தி, முருங்கைன்னு கொட்டிக் கெடக்கு, அதை வச்சு எழுத உங்களுக்கு ஆளே கெடைக்கலையா?

எங்க வீடு ஏதோ வியாதிக்கார வீடுன்னு நெனச்சுடாதீங்க, இப்ப நாட்டுல சராசரி வீடே இதுதான். 2023ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐசிஎம்ஆர்) 'இந்தியாப்'ங்கற சுகர் ஆய்வு வந்துச்சு, சென்னை மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷன்காரங்க முன்ன நின்னு செஞ்சது, அதுல நாடு முழுக்க 10 கோடிப் பேருக்கு மேல சுகர், தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல நூத்துக்கு 14 பேருக்கு மேலன்னு இருக்கு. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல கணக்கெடுப்புல 15லருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல நூத்துக்கு 57 பேருக்கு ரத்தசோகை. ரெண்டையும் சேத்துப் பாருங்க, ஒரே கூரைக்குள்ள மாமியாருக்கு சுகரும் மருமகளுக்கோ பேத்திக்கோ ரத்தசோகையும் இருக்கற வீடு தெருவுக்கு எத்தனை இருக்கும்! அப்படி இருக்கையில ஆளுக்கொரு பக்கம்னு பிரிச்சுப் போட்டா அதை யாரு எப்படி சமைக்கிறது?

இதுல நல்ல விஷயம் என்னன்னா பிரிக்கவே தேவையில்ல. ஹைதராபாத்துல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாசம் உணவு வழிகாட்டி ஒண்ணு விட்டாங்க, அதுல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், காய் கீரை கிழங்கு எல்லாம் சேத்து 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, எண்ணெய் நெய் சேத்து 27 கிராம், கொட்டை விதை 35 கிராம்னு போட்டிருக்காங்க. சமைக்கறதுக்கு முந்தின எடை இது, 2,000 கலோரி கணக்கு. தட்டுல பாதி காயும் பழமும் இருக்கணுங்கறதுதான் சாரம். சுகர்காரருக்கு டாக்டர் சொல்றதும் ஏறக்குறைய இதுதானே, பிபிக்காரருக்கும் வெயிட் குறைக்கிறவங்களுக்கும் இதுதானே. அதனால சமையல் ஒண்ணே போதும், பரிமாறும்போது மாத்திக்கலாம். எங்க வீட்ல அத்தைக்கு சோறு ஒரு கரண்டி வெஞ்சனம் ரெண்டு கரண்டி, பெரியவளுக்கு சோறும் கீரையும் கூட ஒரு முட்டை, சின்னவனுக்கு கரண்டி கணக்கில்லாம சோறு ஆனா மொத வாய் காய்தான். அத்தை காயையும் பருப்பையும் மொதல்ல சாப்டுட்டு கடைசியா சோத்துக்கு வருவாங்க, அப்படி சாப்டா சாப்பாட்டுக்கப்புறம் சுகர் சட்டுனு ஏறாதுன்னு டாக்டர்களே சொல்றாங்க. இதுக்கு தனி அடுப்பு எதுக்கு? (சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்க சோத்தை திடீர்னு பாதியாக் கொறைச்சுடக் கூடாது, லோ சுகர் ஆயிடும், டாக்டர்கிட்ட சொல்லிட்டு மெதுவாக் கொறைக்கணும். கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு கீரை, எளநி, பருப்பு எல்லாமே டாக்டர் சொல்ற அளவுதான். இந்த ரெண்டு வரிய உங்க சுகர் பக்கத்துல எங்கயும் காணோம்.)

இப்ப அந்த 400 கிராமை எங்க வீட்டுக்கு கணக்கு போட்டா அஞ்சு பேருக்கு ஒரு நாளைக்கு 2 கிலோ காய். மொதல்ல கேட்டப்ப எங்க வீட்டுக்காரர் சிரிச்சாரு, கல்யாண வீடான்னாரு. பையப் பைய செஞ்சா முடியாத காரியமில்ல. சாம்பார்ல ரெண்டு முருங்கக்கா துண்டு நீந்துற பழக்கத்தை விட்டுட்டு அரைக்கிலோ பூசணியோ சுரைக்காயோ கெட்டியாப் போட்டா அங்கயே கால்வாசி தேறிடும். பொரியல் முக்கா கிலோ. ராத்திரி தோசைக்கு தேங்கா சட்னிக்குப் பதிலா பீர்க்கங்கா தொவையலோ, தக்காளி வெங்காயம் கொத்தமல்லி அரைச்ச சட்னியோ வச்சா இன்னொரு கால்கிலோ. மிச்சத்துக்கு கீரை. விலைன்னு பாத்தா நீர்க்காயும் கீரையும் எப்பவும் கட்டுபடியாகும், பீன்ஸ் கேரட்டையே கட்டி அழுதாத்தான் பர்ஸ் காலியாகும். உங்க போட்டோவுல மட்டும் எப்ப பாத்தாலும் பீன்சும் கேரட்டும் சேப்பு குடமொளகாயும்தான்.

பருப்பு கணக்கு இன்னும் கேவலம். ஆளுக்கு 85 கிராம்னா எங்க அஞ்சு பேருக்கு 425 கிராம், ஆனா நம்ம வீடுகள்ல சாம்பாருக்கு ஒரு டம்ளர் தொவரம்பருப்பு போட்டு அதையே காலைலயும் மத்தியானமும் ஓட்டுறோம். முட்டை மீன் கறி சாப்டுற வீடுன்னா அதுல கொஞ்சம் அங்க கழிச்சுக்கலாம், மத்தபடி பருப்பையும் பயறையும் கூட்டித்தான் ஆகணும். சாயங்காலம் மிக்சர் முறுக்கு பாக்கெட்டுக்குப் பதிலா ஒரு சுண்டல், தட்டப்பயறோ மொச்சையோ கருப்பு கொண்டக்கடலையோ, ஊறப்போட ராத்திரி ஞாபகம் இருந்தா போதும். எனக்கு ஞாபகம் இருக்கறது வாரத்துல பாதி நாள்தான், மறந்த அன்னைக்கு பாசிப்பயறு, அது ஊறாட்டியும் குக்கர்ல வெந்துடும்.

சரி, குறிப்பு ஒண்ணும் சொல்லாம வெறும் குத்தமா சொல்லிட்டுப் போறாளேன்னு நெனைக்காதீங்க. எங்க வீட்ல அஞ்சு பேருக்கும் ஒத்துப்போற முருங்கைக்கீரை பொரியல் இதுதான். பாசிப்பருப்பு 100 கிராமை அளவா தண்ணி விட்டு மலர வேகவிடுங்க, கொழையக் கூடாது, வெரல்ல அழுத்துனா ஒடையணும் அவ்வளவுதான். ரெண்டு டீஸ்பூன் எண்ணெயில கடுகு, உளுந்து, ரெண்டு வரமொளகா, தட்டுன பூண்டு நாலு பல்லு, ஒரு கை சின்ன வெங்காயம் அரிஞ்சு வதக்கி, உருவின கீரை நல்ல பெரிய கட்டா ஒண்ணு, அலசி தண்ணி வடிச்சு போட்டு, மேல லேசா தண்ணி தெளிச்சு மூடாம கிளறுங்க, அஞ்சாறு நிமிஷத்துல வெந்துடும், எளங்கீரைன்னா இன்னும் சீக்கிரம். வெந்த பருப்பு, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டு ஸ்பூன் தேங்காப்பூ. அடுப்பை அணைச்சிட்டு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியணும், அடுப்புல இருக்கும்போது பிழிஞ்சா கசப்பு தட்டும், வைட்டமின் சி-யும் சூட்டுல போயிடும். எலுமிச்சை ருசிக்கு மட்டுமில்ல, கீரையில பருப்புல இருக்கற இரும்புச்சத்து ஒடம்புல ஒட்ட இந்த வைட்டமின் சி வேணும். பெரியவளுக்காகத்தான் இதை ஆரம்பிச்சேன், இப்ப எலுமிச்சை இல்லாட்டி அத்தையே கேக்குறாங்க.

அதே மாதிரி சாப்டதும் டீ குடிக்கறது. எங்க வீட்ல எல்லாருக்கும் இந்த பழக்கம், கைகழுவிட்டு வந்ததும் டம்ளர் ரெடியா இருக்கணும். டீ காபியில இருக்கற டேனின் இரும்புச்சத்தை ஒடம்பு எடுத்துக்க விடாது, அதனால சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், பின்னாடி ஒரு மணி நேரம் டீ காபி வேண்டாம்னு அந்த வழிகாட்டியிலயே இருக்கு. மாத்திரையும் போட்டு கீரையும் ஆக்கிப்போட்டு கூடவே டீயும் குடுத்தா என்ன பிரயோஜனம்? இது ஒரு பைசா செலவில்லாத விஷயம், ரத்தசோகை பக்கத்துல பீட்ரூட் ஜூஸுக்கு முழுப்பக்கம் குடுத்த நீங்க இதுக்கு ஒரு வரி குடுத்திருக்கலாம். பீட்ரூட் சேப்பா இருக்குங்கறதுக்காக ரத்தம் ஊறும்னு சொல்றதை இன்னும் எத்தனை வருஷத்துக்கு போடப் போறீங்கன்னு தெரியல, அதுல இரும்பு அப்படி ஒண்ணும் கொட்டிக் கெடக்கல.

இப்ப தலைப்புக்கு வர்றேன். பிபிக்காரங்க பக்கத்துல உள்ள எல்லா குறிப்புலயும் 'உப்பு – தேவையான அளவு, எண்ணெய் – தேவையான அளவு'. பிபி இருக்கறவருக்கு தெரிஞ்சாகணுங்கறதே அந்த அளவுதானே சார்! உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள்ளன்னு சொல்லுது, அதாவது ஒரு டீஸ்பூன் கூட முழுசா இல்ல. அஞ்சு பேருக்கு 25 கிராம். அப்ப ஒரு கிலோ உப்பு பாக்கெட் எங்க வீட்டுக்கு 40 நாள் வரணும், அதுவும் அப்பளம், ஊறுகா, கருவாடு, மிக்சர், பிரெட், நூடுல்ஸ் மசாலா இதுல ஒளிஞ்சிருக்கற உப்பை கணக்குல சேக்காம. உங்க வீட்டு உப்பு பாக்கெட்டை பிரிக்கும்போது மேல பேனாவால தேதி எழுதிப் பாருங்க, எத்தனை நாள்ல தீருதுன்னு தெரிஞ்சுரும். இதை விட சுலபமான டெஸ்ட் கெடையாது, லேபுக்கு போக வேண்டாம்.

உப்பைக் கொறைக்க எங்க வீட்ல செஞ்சது என்னன்னா, சட்டியில கொதிக்கும்போது போடுறதை விட்டுட்டு கடைசில ஸ்பூனால அளந்து போடுறது. சாம்பாருக்கு ஒண்ணரை டீஸ்பூன், ரசத்துக்கு முக்கா, பொரியலுக்கு அரை, சோத்துக்கு உப்பு போடுறதே இல்ல. அஞ்சு பேர், ரெண்டு வேளை. இதுக்கு மேல இட்லி மாவு உப்பு வேற இருக்கு, ஆனா முன்ன இருந்ததுக்கு இது எவ்வளவோ. புளி கொஞ்சம் தூக்கலா, மொளகு சீரகம் தட்டிப் போட்டு, கருவேப்பில மல்லி தாராளமா இருந்தா நாக்கு ஏமாந்துரும். மொதல்ல கொஞ்ச நாளு எல்லாரும் மூஞ்சிய சுளிச்சாங்க, அப்புறம் பழகிட்டு இப்ப ஹோட்டல் சாம்பார் கரிக்குதுங்கறாங்க. மேஜை மேல உப்பு ஜாடி வைக்கிற பழக்கமே இல்ல, ஊறுகா பாட்டிலும் ஷெல்ப்புக்கு போயிருச்சு, அதுலதான் அத்தைக்கு என் மேல இன்னும் கோவம்.

இந்துப்பு போட்டா பிபி ஏறாதுன்னு ஒரு பெட்டிச்செய்தி போட்டிருக்கீங்க. இந்துப்பும் சோடியம் குளோரைடுதான் சார், கலர் வேற அவ்வளவுதான். அதுல பெரும்பாலும் அயோடின் சேத்திருக்க மாட்டாங்க, அதையே வீட்டுக்கு முழுசும் போட்டா கர்ப்பிணிக்கும் பிள்ளைங்களுக்கும் வேற பிரச்சனை வரும். சோடியம் கொறைச்சு பொட்டாசியம் சேத்த உப்பு கடையில இருக்கு, அது சிலபேருக்கு நல்லது, ஆனா கிட்னி கோளாறு இருந்தா அதைத் தொடவே கூடாது. நாட்டுச்சக்கரை கதையும் இப்படித்தான். சீனிய விட்டுட்டு நாட்டுச்சக்கரை, கருப்பட்டி, தேன்னு மாறிட்டா சுகர் ஏறாதுன்னு நம்பி எங்க தெருவுல ஒரு அம்மா கருப்பட்டி காபி நாலு வேளை குடிச்சாங்க. எல்லாம் இனிப்புதான், ரத்தத்துல போயி ஒரே வேலையத்தான் செய்யும். மொத்த இனிப்பு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ளங்கறாங்க, ரெண்டு ஸ்பூன் சீனி போட்ட காபி மூணு குடிச்சாலே அது முடிஞ்சுபோச்சு.

பிள்ளைங்க பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்துல பால்ல கலக்குற பவுடர் விளம்பரம் முழுசா வந்திருக்கு பாருங்க, அதைப் பாத்து எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகமே இந்த மாதிரி பானங்களை ஹெல்த் டிரிங்க்னு வகைப்படுத்தி விக்காதீங்கன்னு ஆன்லைன் கடைகளுக்கு சொல்லிருச்சு, சட்டத்துல அப்படி ஒரு வகையே கெடையாதுங்கறதுதான் காரணம். விளம்பரம் இல்லாம பேப்பர் ஓடாதுன்னு எனக்கும் தெரியும். பக்கத்தையாவது மாத்திப் போட்டிருக்கலாம்ல.

எண்ணெய்க்கு வருவோம். ஆளுக்கு 27 கிராம்னா அஞ்சாறு டீஸ்பூன், அதுல நெய்யும் அடக்கம். அஞ்சு பேருக்கு மாசத்துக்கு சுமார் நாலு கிலோ, லிட்டர்ல சொன்னா நாலரைக்குள்ள. கேக்க நெறயத்தான் தெரியுது, ஆனா வெளிய சாப்டுற பரோட்டா, வடை, பஜ்ஜி எல்லாம் இந்த கணக்குலதான் வரும். நான் மதுரைக்காரி, பரோட்டாவே சாப்புடாதீங்கன்னு சொன்னா எங்க ஊர்ல என்னைய விரட்டி விட்டுருவாங்க, அதனால வீட்டுக்கு மூணு லிட்டர்னு வச்சுக்கிட்டு மிச்சத்தை சால்னாவுக்கு விட்டுட்டேன். செக்கு எண்ணெயா ரீபைண்டான்னு வீட்டுக்கு வீடு சண்டை நடக்குது, எதுவா இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான், நல்லெண்ணெய் கடலெண்ணெய் மாத்தி மாத்தி வாங்கிக்கலாம், ஆனா 'செக்கு'ன்னு எழுதியிருக்குன்னு குண்டா நெறய ஊத்தக்கூடாது. அப்புறம் பொரிச்ச எண்ணெய். மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எப்எஸ்எஸ்ஏஐ) ஒரு கணக்கு வச்சிருக்கு, எண்ணெயில மொத்த போலார் காம்பவுண்ட், அதாவது சூடு பண்ணப் பண்ண எண்ணெய் கெட்டு அதுல சேர்ற பொருள், 25 சதவீதத்தை தாண்டிட்டா அதுல சமைக்கக் கூடாது, 2018 ஜூலையில இருந்து இது நடைமுறையில இருக்கு. கடைக்காரங்ககிட்ட மீட்டர் வச்சு பாப்பாங்க, நம்ம வீட்ல மீட்டருக்கு எங்க போறது. அதனால கொஞ்சமா ஊத்தி சின்ன சட்டியில பொரிச்சு, வடிகட்டி, ஒண்ணு ரெண்டு நாள்ல தாளிக்கறதுக்கு தீத்துடணும், அதே எண்ணெயில மறுபடி மறுபடி பொரிக்கக் கூடாது. பண்டிகைக்கு பலகாரம் சுட்ட எண்ணெயை பத்திரமா மாசக்கணக்கா வச்சிருக்கற வீடுகள் எனக்குத் தெரியும்.

ராத்திரிக்கு எங்க வீட்ல வாரம் ஒரு தரம் கண்டிப்பா அடை, ஏன்னா அதுல அரிசிய விட பருப்பு அதிகம். இட்லி அரிசி ஒரு டம்ளர், கடலப்பருப்பு அரை, தொவரம்பருப்பு அரை, பாசிப்பருப்பு கால், உளுந்து கால். கொள்ளு சேக்கணும்னா உளுந்துக்கு பதிலா கால் டம்ளர் போட்டு அதை மட்டும் மொத நாள் ராத்திரியே ஊறவச்சிடுங்க, மத்ததுக்கு நாலு மணி நேரம் போதும். வரமொளகா ஆறு, சீரகம், பெருங்காயம், ஒரு துண்டு இஞ்சி, ஒண்ணரை டீஸ்பூன் உப்பு போட்டு கொரகொரன்னு அரைக்கணும், நைசா அரைச்சா தோசையாயிடும். புளிக்க வைக்க வேண்டாம். முருங்கைக்கீரை ரெண்டு கை, சின்ன வெங்காயம், துருவுன சுரைக்கா, கேரட்டு எது இருக்கோ அதைக் கலந்து கல்லுல கையால தட்டி நடுவுல ஒரு ஓட்டை போட்டு அடைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய், ரெண்டு பக்கமும் செவக்க விடணும். பதினாலு பதினஞ்சு அடை வரும். அத்தைக்கு ரெண்டு, சின்னவனுக்கு மூணு. தொட்டுக்க அவியல். வெல்லமும் வெண்ணையும்தான் ஜோடின்னு எல்லாருக்கும் தெரியும், அது தீபாவளிக்கு தீபாவளி போதும். சுரைக்கா உள்ள இருக்கறது சின்னவனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, இந்த லெட்டரை அவன் படிக்க மாட்டாங்கற தைரியத்துல எழுதுறேன்.

சிறுதானியம் பத்தியும் ஒரு வார்த்தை. 2023ஐ ஐநா சபை சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சதுல இருந்து உங்க பக்கத்துல வாரம் ஒரு தினைப் பொங்கல், சாமை பிரியாணி, வரகு கேசரி. கேசரிய எதுல கிண்டுனாலும் கேசரிதான். கேழ்வரகு நல்லது, எடைக்கு எடை பாத்தா பால்ல உள்ளதைப் போல மூணு மடங்கு கால்சியம் இருக்கு, கம்பங்கூழும் மோரும் சின்ன வெங்காயமும் வெயில் காலத்துக்கு அதை அடிச்சிக்க ஆளில்ல. ஆனா சிறுதானியமும் மாவுச்சத்துதான், சுகர்காரங்க அளவில்லாம சாப்புடலாம்னு எழுதாதீங்க, கஞ்சியா கரைச்சு கொழைய காச்சினா இன்னும் வேகமா ஏறும். எங்க அத்தைக்கு கேழ்வரகு கூழை விட முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடைதான் ஒத்துக்குது, சுகர் மீட்டர் வச்சு பாத்ததுல தெரிஞ்சது, ஒவ்வொரு ஒடம்புக்கும் மாறும்.

அசைவத்துல உங்களுக்கு தெரிஞ்ச ஒரே மீன் வஞ்சிரம் போல, அதுவும் தவா ப்ரை. ராமேஸ்வரம் தூத்துக்குடி பக்கத்துல இருந்து எங்க ஊருக்கு மத்தியும் நெத்திலியும் தினம் வருது. மத்தி மீனுல ஒமேகா-3 கொழுப்பு நெறைய, நெத்திலிய முள்ளோட சாப்டா கால்சியம், விலையும் வஞ்சிரம் பக்கத்துல வராது. மத்திய புளிக்கொழம்பு வச்சு மறுநாள் சாப்டுற ருசிக்கு எதை சொல்றது, பொரிக்க வேண்டிய அவசியமே இல்ல.

கைக்கொழந்தை உள்ள வீடுகளுக்கும் தனி அடுப்பு வேண்டாம். எங்க நாத்தனார் பிள்ளையோட வந்திருந்தப்ப, பருப்பும் காயும் வெந்ததும் உப்பு காரம் போடறதுக்கு முன்னாடி ரெண்டு கரண்டி எடுத்து மசிச்சு சோத்தோட குடுத்தோம், அவ்வளவுதான் கொழந்தை சாப்பாடு. ஆறு மாசம் முடிஞ்ச பிள்ளைக்கு ஒரு வயசு வரைக்கும் உப்பு, சீனி சேக்க வேண்டாம், தேன் நாக்குல தடவுறது கூடவே கூடாது, அதுல இருந்து பாட்டுலிசம்னு ஒரு கிருமி நோய் வரலாம். கொஞ்சம் பெரிய பிள்ளைங்களும் தனி மெனு கேக்கறது நம்ம பழக்கி விடுறதுனாலதான். அரசு பள்ளிகள்ல 2022 செப்டம்பர்ல இருந்து காலை உணவு திட்டம் மதுரையிலதான் ஆரம்பிச்சாங்க, உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார்னு கிழமைக்கு ஒண்ணு, அங்க எந்தப் பிள்ளையும் ஸ்மைலி வடிவத்துல கேரட் வெட்டி குடுத்தாத்தான் சாப்புடுவேன்னு சொல்றதில்ல. பக்கத்துல பத்து பிள்ளைங்க சாப்டா தானா உள்ள போகுது.

இன்னொண்ணு, ஒவ்வொரு குறிப்புக்கும் மேல 'இல்லத்தரசிகளே'ன்னு கூப்புடுறதை நிறுத்துங்க. வேலைக்கு போறவளும் சமைக்கிறா, ரிட்டயர் ஆன தாத்தாவும் சமைக்கிறாரு. எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை டிவி பாத்துக்கிட்டே வாழைத்தண்டு நறுக்கி மோருல போட்டுத் தருவாரு, சின்ன வெங்காயம் உரிச்சு டப்பால போட்டு பிரிட்ஜுல வைப்பாரு, அது இருக்கறதாலதான் திங்கள் செவ்வா நான் காயோட சமைக்கிறேன், இல்லாட்டி வெறும் ரசமும் அப்பளமும்தான். ஆரோக்கிய சமையலுக்கு டிப்ஸ்னு நீங்க போடுறதுல எதையும் விட இதுதான் பெரிய டிப்ஸ், காய் நறுக்க ரெண்டாவது ஆள்.

அதனால நான் கேக்கறது இதுதான். திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும் ஒரு சாதாரண வீட்டுக்கு ஒரு அடுப்புல ஆகுற சமையலை போடுங்க. எத்தனை பேருக்கு, எத்தனை நிமிஷம், உப்பு எத்தனை டீஸ்பூன், எண்ணெய் எத்தனை டீஸ்பூன், அந்தந்த மாசம் சந்தையில மலிவா கெடைக்கற காய் எது. அடியில சின்னதா ஒரு வரி, சுகர் இருந்தா எவ்வளவு சாப்டணும், பிள்ளைக்கு எப்ப தனியா எடுக்கணும், கிட்னிக்காரங்க எதை ஒதுக்கணும்னு. எழுதுறவங்க பேருக்கு பக்கத்துல ஒரு டயட்டீஷியன் பாத்து சரி சொன்னாங்களான்னும் போட்டுடுங்க. தீபாவளி பொங்கலுக்கு பலகாரம் தாராளமா போடுங்க, அதுல ஆரோக்கியத்தை கொண்டுவந்து நொழைக்க வேண்டாம், ஓட்ஸ் அதிரசம் எங்களுக்கு வேண்டவே வேண்டாம் சார்.

அப்புறம் மாசாமாசம் சிறந்த சமையல் குறிப்பு அனுப்புற வாசகிக்கு ஹாட் பாக்ஸ் பரிசு குடுக்குறீங்கல்ல, அதை நிறுத்திட்டு ஒரு அளவு ஸ்பூன் செட்டும் சின்ன தராசும் குடுங்க. இந்த மாச பரிசுக்கு மேல உள்ள அடை குறிப்பையே என் பேர்ல சேத்துக்கோங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அண்ணா நகர், மதுரை.